கறுப்புத் திரையில் ஓடிய எழுத்து

சரஸ்வதி பூஜையன்று, ஆம்னி பஸ் ஆபீஸின் லினக்ஸ் கணினித் திரையில் யாரும் தட்டாமலே ஒரே எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. டிக்கெட் போட முடியவில்லை. வாசலில் கூட்டம் கத்தியது.

“எவனோ வெளியிலிருந்து புகுந்துட்டான். பிடிச்சுக் குடு, இல்லேன்னா வீட்டுக்குப் போ” என்று கணினி பார்க்கும் செண்பகவல்லியிடம் குதித்தார் மேனேஜர் வரதராஜுலு.

அவள் கீபோர்டைக் கழற்றினாள், நெட்வொர்க் வயரையும் உருவினாள், எழுத்து நிற்கவில்லை. கணினியின் பின்புறம் தடவியபோது, வயர்லெஸ் கீபோர்டின் சின்ன ரிசீவர் விரலில் பட்டது.

“ஆள் உள்ளேதான் சார் இருக்கான். நாளை வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்று பூஜை மேஜையைக் காட்டினாள்.

காலையில் அவரே சந்தனம் பூசிப் படைத்த அவருடைய வயர்லெஸ் கீபோர்டின்மேல் திருஷ்டிப் பூசணிக்காய் சம்மணமிட்டிருந்தது.

செண்பகவல்லி ரிசீவரைப் பிடுங்கினாள். எழுத்து நின்றது, கூட்டமும் அடங்கியது.

“அப்ப வீட்டுக்குப் போக வேண்டியது யாரு சார்?”

வரதராஜுலு வேர்வையைத் துடைத்துக்கொண்டார். “பூசணிக்காய்தாம்மா.”