ஆய்வு நாள் பேராசிரியை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு அழுகிப்போகட்டும்.

அந்தக் கல்வியியல் கல்லூரியைப் பெருக்குகிற பேச்சியம்மாள் பி.எட். முடித்தவள். புருஷன் அங்கே கட்டட வேலையில் சாரம் சரிந்து செத்ததற்கு நஷ்டஈடாகக் கிடைத்த வேலை அது. எம்.எட். சேரலாமென்றால் இரண்டு வருடம் பாடம் நடத்திய சான்றிதழ் வேண்டும்.

"கூட்டிப் பெருக்குறதுக்கெல்லாம் சான்றிதழ் கிடையாதும்மா," என்பார் முதல்வர் ஞானசிகாமணி.

அங்கே பாதிப் பேராசிரியர்கள் காகிதத்தில்தான் இருந்தார்கள். ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் அவளுக்குப் பட்டுச்சேலை கொடுத்து, உளவியல் பேராசிரியை என்று பதிவேட்டில் கையெழுத்து வாங்கி உட்காரவைப்பார் முதல்வர்.

எம்.எட்.டுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று குழு வந்தது.

"எத்தனை வருஷமா நடத்துறீங்க?" என்றார் குழுத் தலைவர்.

"மூணு வருஷம் சார், பதிவேட்டுல இருக்கு." மடியிலிருந்த காகிதத்தை முதல்வரிடம் நீட்டினாள். "அனுபவச் சான்றிதழ்ல ஐயா கையெழுத்துதான் பாக்கி. நான் நடத்தலைன்னா இப்பவே சொல்லிரட்டும்."

முதல்வர் பேனாவைத் தேடினார். தலைவரே தம் பேனாவைக் கொடுத்தார்.

மறுநாளே அவளுக்கு வேலை போயிற்று. எம்.எட். இடம் போகவில்லை.

சொன்னது யாரென்று மட்டும் மூச்சுவிடாதீர்கள். அன்று தத்துவப் பேராசிரியராக உட்கார்ந்த கிழட்டுக் காவலாளிக்கு இன்னும் அங்கேதான் சம்பளம்.