யார் காலால் எழுதியது?

"அது உன் காலே இல்ல" என்றது ஆட்காட்டிப் பறவையின் குஞ்சு.

கரடிக்குட்டி தன் முன்கால்களை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது. அதற்கு முன்னால் ஈரச் சேற்றில், பலாப்பழத்தை வைத்து எடுத்ததுபோலப் பெரிய பெரிய தடங்கள் ஆறு வரிகளாக ஓடின. கரடிக்குட்டி போட்டிக்கு எழுதியதாகச் சொல்லப்பட்ட கட்டுரை அதுதான்.

அந்தக் காட்டில் காலால்தான் எழுதுவார்கள். குளத்தோரச் சேற்றில் நடந்தால் எழுத்து. திரும்பி நடந்தால் அடுத்த வரி. அலகையோ வாலையோ பயன்படுத்தக் கூடாது. தடத்தைப் பார்த்தாலே எழுதியது யார் என்று தெரிந்துவிடும். அதனால் யாரும் பெயர் போடுவதில்லை.

மூன்று மழை பார்க்காத பிள்ளைகளுக்கு மட்டும் என்று அந்தக் கோடையில் ஒரு போட்டி அறிவித்திருந்தார்கள். பெரியவர்கள் உதவக் கூடாது என்பது விதி. தலைப்பு, 'எங்கள் குளம்'. மயில் தலைமை நடுவர், கொக்கு துணை நடுவர். பரிசு ஒன்றே ஒன்றுதான். வென்ற எழுத்தைச் சுற்றி இலந்தை முள்ளால் வேலி போடுவார்கள். மழை வரும்வரை காட்டில் உள்ள எல்லோரும் வந்து படிக்கலாம். மற்ற எழுத்துகளுக்குச் சாயங்காலம் வரைதான் ஆயுள். சாயங்காலம் காட்டெருமைகள் தண்ணீருக்கு இறங்கும். அதன் பிறகு சேற்றில் எதுவும் மிஞ்சாது.

ஆட்காட்டிக் குஞ்சு விடியும்போதே வந்து எழுதி முடித்திருந்தது. மூன்றே வரி. ஒரு தாமரை இலையை விரித்தால் மூடிவிடலாம். அந்த மூன்று வரியையும் காடு முழுவதும் படிக்க வேண்டும் என்று அது நினைத்தது. அதற்கு வேலி வேண்டும்.

வெயில் ஏறியதும் மற்றவர்கள் வந்தார்கள். மான்குட்டியின் கட்டுரை கிளைக்கொம்பு வைத்த கலைமானின் குளம்பில் இருந்தது. பன்றிக்குட்டியின் கட்டுரையில் முதல் இரண்டு சொற்கள் சின்னக் குளம்பு. அதற்குப் பிறகெல்லாம் பொறுமை இழந்த பெரிய குளம்பு. கரடிக்குட்டியின் கட்டுரையில் ஒரு தடம்கூடச் சின்னதில்லை. குட்டியின் அப்பா சற்றுத் தள்ளி நின்று பாதத்துச் சேற்றைப் புல்லில் தேய்த்துக்கொண்டிருந்தது. மூன்று கட்டுரைகளும் 'வற்றாத குளமே, எங்கள் தாயே' என்றுதான் தொடங்கின.

குஞ்சு நடுவரிடம் ஓடியது.

"மயில் மாமா, கரடிக்குட்டிய அந்தத் தடத்துல கால் வைக்கச் சொல்லுங்க."

மயில் சுற்றுமுற்றும் பார்த்தது. எல்லோரும் கேட்டுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் வைக்கச் சொன்னது. கரடிக்குட்டி எழுந்து வந்து ஒரு தடத்துக்குள் காலை வைத்தது. பெரிய சட்டிக்குள் நெல்லிக்காய் விழுந்ததுபோல் இருந்தது. பன்றி இருமியது. கலைமான் வானத்தைப் பார்த்தது.

"சேறு காயக் காயத் தடம் பெருக்கும்" என்றது மயில். கொக்கு ஆமாம் என்று கழுத்தை ஆட்டியது.

"அப்ப என்னோடது ஏன் பெருக்கல?"

மயில் கொக்கைப் பார்த்தது. பெரிய கரடிதான் முன்னால் வந்தது.

"பொடிசு, ஊரைக் கூட்டறதே உங்க பரம்பரைத் தொழிலா? பிள்ளைக்குத் துணையா நாலு அடி நடந்தேன். அதுல என்ன தப்பு? உங்க அம்மாவுக்கு உம்மேல அந்த அக்கறைகூட இல்லையே."

நாணலோரம் நின்றிருந்த தாய் ஆட்காட்டியை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தான் நடக்கவில்லை என்றும், மகள் என்ன எழுதினாள் என்பது தனக்கே இன்னும் தெரியாது என்றும் அது சொன்னது. சொல்லும்போது அதற்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. மற்ற எல்லோரும் நடந்திருக்கிறார்களே.

பிறகு கொக்கு குனிந்து குஞ்சின் வரிகளை எல்லோருக்கும் கேட்கும்படி படித்தது.

'போன கோடையில் இந்த இடத்தில் மீன்கள் நின்றன. இந்தக் கோடையில் நான் நிற்கிறேன். குளம் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை.'

கலைமான் தன் குளம்புகளைப் பார்த்தது. அவர்கள் கட்டுரை எழுதிய சேறு, கூடி நின்ற சேறு, எல்லாமே போன கோடையில் தண்ணீருக்கு அடியில் இருந்த இடம். எல்லோருக்கும் அது ஒரு நொடி தெரிந்தது. பிறகு அவரவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

மயில் தொண்டையைச் செருமியது. இந்தக் கட்டுரையில் குளத்தின் பெருமை பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்றது. அது முதல் குறை. இன்னொன்றைச் சொல்லத் தனக்கு வருத்தமாக இருக்கிறது என்றது.

"இத்தனூண்டு குஞ்சுக்கு இப்படியெல்லாம் தோணாது. யாரோ பெரியவங்க சொல்லிக் குடுத்திருக்காங்க. பெரியவங்க உதவி கூடாதுன்னு விதி இருக்கு. இது போட்டியில சேராது."

குஞ்சு மயிலுக்கு நேர் எதிரே வந்து நின்றது.

"எனக்கு யாரும் சொல்லல. நான் நடந்து பாத்தேன். நேத்து எங்க கூட்டுலேர்ந்து தண்ணி வரைக்கும் நாப்பது அடி. இன்னிக்கு நாப்பத்தெட்டு. நீங்கல்லாம் ஒரே தாண்டுல வந்துடறீங்க. அதான் உங்களுக்குத் தெரியல."

"மரியாதையாப் பேசு" என்றது கொக்கு.

பரிசு கரடிக்குட்டிக்கு என்று மயில் அறிவித்தது. இந்த வயதில் இவ்வளவு முதிர்ச்சியா என்று வியந்து ஒரு சிறு உரையும் ஆற்றியது. பெரிய கரடி தலையைத் தாழ்த்தி அந்தப் பாராட்டை ஏற்றுக்கொண்டது. குட்டியிடம் யாரோ, நீ குளத்தைப் பற்றி என்னதான் நினைக்கிறாய் என்று கேட்டார்கள். அது வாயைத் திறந்தது. "அவனுக்கு என்ன தெரியும், சின்னப் பையன்" என்று அப்பா முந்திக்கொண்டது.

இந்தக் கதையின் நீதியை இங்கேயே சொல்லிவிட வேண்டும், அன்று குளக்கரையில் அதைச் சொல்ல ஒரு பெரியவரும் இல்லை: பிள்ளைகளின் பெயரில் பெரியவர்கள் எழுதிக்கொண்டால், பிள்ளைகளின் கண்ணுக்கு மட்டும் தெரிந்த உண்மை யாருக்குமே தெரியாமல் போய்விடும்.

வெயில் சாய்ந்தது. பன்றியும் கலைமானும் முள் கொண்டுவந்து வேலி கட்டினார்கள். தடங்கள் பெரியவை என்பதால் நிறைய முள் தேவைப்பட்டது. வேலி முடிந்ததும் எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். பெரிய கரடி தன் கட்டுரையைத் தானே உரக்கப் படித்துக் காட்டியது.

மேட்டில் புழுதி கிளம்பியது. எருமைகள் வந்துகொண்டிருந்தன.

குஞ்சு தன் மூன்று வரிகளுக்கு முன்னால் போய் நின்று, தொண்டை கிழியக் கத்தியது. எருமைகள் வேகத்தைக் குறைக்கவில்லை. அவற்றுக்குத் தாகம். தாய் ஓடிவந்து, மிதிபடப் போகிறாய் என்று அதட்டி, குஞ்சை நெட்டித் தள்ளிக்கொண்டு நாணலுக்குள் போனது. குஞ்சு நாணலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பார்க்க அதற்கு மனமில்லை.

வேலிப் பக்கம் எல்லோரும் 'வற்றாத குளமே' என்ற இடத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். கரடிக்குட்டி அவர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து வெளியே வந்தது. அந்த மூன்று வரிகளிடம் போனது. எதன்மேலும் படாமல் ஒவ்வொரு காலாகத் தூக்கி, நான்கையும் எழுத்துக்கு வெளியே ஊன்றி, வயிற்றுக்கடியில் அந்த வரிகளை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. எருமைகள் அதற்கு இரண்டு பக்கமும் பிரிந்து தண்ணீருக்குப் போயின.