மோரில் கரைத்த மாத்திரை

உமாபதி அடிகளுக்குக் காலில் வந்த புண் சீழ் வைத்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சேர்த்த பிறகும் சீடர் கலியமூர்த்தி தன் வேலையை விடவில்லை. மடத்தில் செய்தது போலவே தினமும் காலையில் சர்க்கரை மாத்திரையைப் பொடித்து, மோரில் கரைத்துக் கொடுத்துவந்தார். ஆஸ்பத்திரி மருந்துகளில் அந்த மாத்திரையைக் காணோம். மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். காய்ச்சலில் கிடந்த அடிகளும் என்ன ஏது என்று கேட்காமல் குடித்தார்.

குருவுக்குச் செய்த தொண்டை வாய்விட்டுச் சொன்னால் அதன் பலன் போய்விடும். அந்த மடத்தில் அப்படி ஒரு வழக்கம். அடிகள் கற்றுக்கொடுத்ததுதான்.

நர்ஸ் புஷ்பமேரி, வெளி மருந்து ஏதாவது கொடுக்கிறீர்களா என்று கேட்டாள். மறுநாளும் கேட்டாள். ஐம்பது வயதுச் சீடர் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்க மடத்துல வாய்க்குப் பூட்டுப் போட்டுத்தான் சேத்துக்குவாங்களா, சாமி?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் அடிகளுக்கு வேர்த்துக் கொட்டியது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. சர்க்கரை அடியோடு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். சாயங்காலம் விழித்துக்கொண்டார். வலது கை மட்டும் எழவில்லை.

சர்க்கரை ஏறுவதும் மறுபடி இறங்குவதுமாக இருந்தது. டாக்டருக்குக் காரணம் பிடிபடவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று சொல்லிவிட்டார். புஷ்பமேரிக்கு மட்டும் ஒரு சந்தேகம். புண்ணுக்குக் கொடுக்கும் மருந்தோடு பழைய சர்க்கரை மாத்திரை சேரக் கூடாது, அதனால்தான் அதை நிறுத்தியது, யாராவது கொடுத்தீர்களா என்று கேட்டாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

கலியமூர்த்தி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

"நீ குடுத்தியா, கலியா?" அடிகளின் குரல் குழறியது.

"குடுத்தேன் சாமி. நல்லதுன்னுதான் குடுத்தேன்."

"அவங்க குடுத்ததும் நல்லதுக்குத்தான். போய்ச் சொல்லு."

கலியமூர்த்தி எழுந்திருக்கவில்லை. கண்ணீர் தாடியில் இறங்கியது.

"சொன்னா இத்தனை வருஷம் செஞ்சதெல்லாம் போயிடுமே. நீங்கதானே சொன்னீங்க."

அடிகள் இடது கையால் வலது கையைத் தூக்கி, தன் மார்பின் மேல் வைத்துக்கொண்டார்.

"நான்தான் சொன்னேன். அதுக்கு இந்தக் கை போனது போதும். அந்தப் பொண்ணைக் கூப்பிடு."