உவர்மேட்டுக் காவல்காரன்

மலையடிவாரக் காட்டில், ஓடைக்கு மேலே ஓர் உவர்மண் மேடு இருந்தது. வெயில் காய்ந்தால் அந்த மண்ணில் வெள்ளையாய் உப்புப் பூக்கும். மானும் முயலும் யானையும் வந்து அதை நக்கிவிட்டுப் போகும். அந்த உப்பு உள்ளே போனால்தான் தாய்க்குப் பால் சுரக்கும், குட்டிக்குக் கால் ஊன்றும். மேடு தனியாக யாருக்கும் சொந்தமில்லை. காட்டுக்கே சொந்தம்.

"நக்கலாம், தோண்டக் கூடாது!" என்பது காட்டின் கட்டுப்பாடு.

மேட்டுக்குக் காவல் வெண்காலன் என்ற காட்டெருது. சண்டையில் தோற்று மந்தையை விட்டு வந்தவன். "இவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. யாருக்கும் சலுகை காட்ட மாட்டான்!" என்று மிருகங்கள் கூடிப் பேசி அவனை வைத்தன. வைத்ததோடு சரி. வரும், நக்கும், போகும். காவல்காரனிடம் நின்று பேசினால், கூட இரண்டு வாய் நக்கத்தான் பேசுகிறது என்று மற்றவை நினைக்குமே! அந்தப் பயத்தில் ஒன்றும் அவனிடம் வாய் திறக்காது. எதிர்ச்சரிவில் அவனுடைய பழைய மந்தை மேயும். ஒன்றாவது தலைதூக்கி இந்தப் பக்கம் பார்த்ததில்லை.

ஒரு நடுப்பகலில் காட்டுப்பன்றி ஒன்று வந்தது. அதன் பெயர் கிளறியான்.

"என்ன அண்ணே, மேய்ந்தீர்களா?"

வெண்காலன் திரும்பிப் பார்த்தான். அப்படி அவனை யாரும் கேட்டு இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது.

கிளறியான் தினமும் வந்தான். நிழலில் படுத்து ஊர்க்கதை பேசினான். வெண்காலன் சிரிக்கக்கூடச் செய்தான். பத்தாம் நாள் மெல்ல ஆரம்பித்தான்.

"அண்ணே, ஓரமாக ஒரு சாண் தோண்டிக்கொள்ளட்டுமா? அடிமண்ணில் உப்பு அதிகம்!"

"கூடாது!"

"சரி அண்ணே. என்னால் உங்களுக்கு ஏன் சங்கடம்? இனி நான் வரவில்லை."

மூன்று நாள் அவன் வரவில்லை. அந்த மூன்று நாளும் வெண்காலனுக்குப் புல் இறங்கவில்லை. நாலாம் நாள் அவனே கிளறியான் படுக்கும் மூங்கில் புதர்வரை நடந்து போனான்.

"ஒரு சாண்தானே? வா, தோண்டிக்கொள்."

ஒரு சாண் ஒரு முழம் ஆயிற்று. முழம் பள்ளம் ஆயிற்று. பன்றியின் சுற்றமெல்லாம் வந்து இறங்கிற்று. வெண்காலன் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். கிளறியானுக்கு இப்போது பேச நேரமில்லை.

மழை வந்து ஓடை பெருகிற்று. தோண்டிய கரை இடிந்து ஓடை உள்ளே புகுந்தது. உப்பெல்லாம் கரைந்து ஓடிற்று. பன்றிகள் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டன.

மழை விட்டதும் மிருகங்கள் வந்தன. முன்னால் ஒரு பெண்மான். அவளுடைய குட்டி நிற்க முடியாமல் துவண்டது.

"ஐயோ! உப்பு எங்கே?"

ஓடை உடைத்துக்கொண்டு வந்தது என்று வெண்காலன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"பன்றியைத் தோண்ட விட்டேன். என் தப்பு."

"காவல்காரனே இப்படிச் செய்யலாமா? எதற்காக விட்டாய்?"

"அவன் என்னோடு பேசினான்," என்றான் வெண்காலன்.

மிருகங்கள் தலையைக் குனிந்துகொண்டன.

யானைகள் மண் தள்ளிக் கரையை அடைத்தன. இனி இரண்டு இரண்டு பேராக, எல்லாரும் முறைவைத்துக் காப்பது என்று முடிவாயிற்று. உப்புப் பூக்க இன்னும் பல கோடை ஆகும். வெண்காலனுக்கு முறை கொடுக்கவில்லை. அவன் சரிவேறிப் போனான். யாராவது கூப்பிடுவார்களா என்று ஒருமுறை நின்றான். பெண்மானுக்குக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. ஆனால் அவன் பெயர் அவளுக்குத் தெரியவில்லை.

பொதுச்சொத்தை ஒருவன் தலையில் கட்டிவிட்டு ஊரே அவனை மறந்தால், சொத்தும் நிலைக்காது, அவனும் நிலைக்க மாட்டான்.