பவுனம்மாவின் கொட்டாங்குச்சி

குளக்கரையில் ஒரு நாவல் மரம் இருந்தது. அதன் வேருக்கடியில் பன்னிரண்டு வளைகள். பன்னிரண்டிலும் குடித்தனங்கள். வீட்டுக்காரர் ஓர் ஆமை. அவருக்கு முதுகிலேயே சொந்த வீடு இருந்ததால் வேருக்கடியை முழுக்க வாடகைக்கு விட்டிருந்தார்.

நடு வளையில் மரகதம் என்ற முயல் தன் மூன்று குட்டிகளோடு குடியிருந்தாள். வளையா அது! குட்டிகள் திரும்பிப் படுத்தால் மரகதமும் கூடவே திரும்பிப் படுக்க வேண்டும். காலை நீட்டினால் பக்கத்து வீட்டுச் சுவரில் இடிக்கும். உடனே அங்கிருந்து, "யாரது?" என்று பவுனம்மாவின் குரல் வரும்.

பவுனம்மா ஒரு பெருச்சாளி. பல் பெரிது, குடும்பம் பெரிது, வாய் அதைவிடப் பெரிது. அக்கம்பக்கத்தில் நடப்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"மரகதம், இன்னைக்கு என்ன சமையல்? சின்னவன் ஏன் ரெண்டு தடவை தும்மினான்? நேத்து வந்துட்டுப் போனது யாரு, உன் நாத்தனாரா?"

எதிர் வளையில் தவளை சிங்காரவேலு. பாட்டுக்காரர். பொழுது சாயும் நேரத்தில் அவர் சாதகம் செய்ய உட்கார்ந்தால் மரத்திலிருந்து நாவல் பழம் உதிரும். மரகதம் காதைப் பொத்திக்கொள்வாள். ஒரு முயல் தன் காதைப் பொத்திக்கொள்வது லேசான வேலையா, நீங்களே சொல்லுங்கள்!

ஆனால் அந்த ஒண்டுக் குடித்தனத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டில் நல்லதாக ஏதாவது செய்தாலும் ஒரு கொட்டாங்குச்சியில் வைத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டவர்கள் அதை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஓர் இளந்தளிராவது போட்டுக் கொடுப்பார்கள். பவுனம்மாவின் கொட்டாங்குச்சி இதில் பேர்போனது. விளிம்பெல்லாம் தன் பல்லாலேயே செதுக்கி வழவழவென்று வைத்திருந்தாள்.

ஒரு நாள் காலையில் அந்தப் பக்கம் நரியார் வந்தார். தாம் இப்போது வீட்டுத் தரகர் என்றார். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு கறியைத் தொடுவதே இல்லை என்றும் சொன்னார். மரகதம் நம்பினாள். வீடு தேடி அலுத்தவர்கள் எதைத்தான் நம்ப மாட்டார்கள்!

"தனி வீடும்மா! மேட்டுக்கு அந்தப் பக்கம். நாலு பக்கமும் காத்து. ஒட்டினாப்போல ஒரு வீடு கிடையாது."

"சத்தம் வருமா?" என்று கேட்டாள் மரகதம்.

"சத்தமா! நீங்க உள்ளேயிருந்து கத்திக் கூப்பிட்டாக்கூட ஒருத்தருக்கும் கேக்காது!"

"அப்பாடா! வாசல் எத்தனை?"

"ஒண்ணே ஒண்ணு. நல்லா அகலமா இருக்கும். நானே தாராளமா நுழையலாம்னா பாத்துக்குங்களேன். ஆமா, குழந்தைங்க எத்தனை பேரு? நல்லா சாப்பிடுதுங்களா?"

"மூணு பேரு. மூணும் கொழுகொழுன்னு இருக்கும்."

"ரொம்ப சந்தோஷம்!" என்றார் நரியார். உண்மையிலேயே அவருக்குச் சந்தோஷம்தான்.

"உங்க தரகு?"

"அதுக்கென்னம்மா அவசரம்! குடி வந்ததும் சாயங்காலமா நானே வந்து வாங்கிக்கறேன்."

அன்றைக்கே மரகதம் வளையைக் காலி செய்தாள். மேட்டோரம் வெயில் காய்ந்துகொண்டிருந்த வீட்டுக்காரர் ஆமையிடம் போய்ச் சொன்னாள். அவரும் 'வளை வாடகைக்கு' என்று எழுதிய பலகையைத் தூக்கிக்கொண்டு மரத்தை நோக்கிப் புறப்பட்டார்.

பவுனம்மாவிடம் மட்டும் அவள் சொல்லவில்லை. சொன்னால் ஆயிரம் கேள்வி வரும். பவுனம்மா குளத்துக்குப் போன நேரம் பார்த்து மூட்டையை இழுத்துக்கொண்டு குட்டிகளோடு கிளம்பினாள்.

மேட்டைக் குடைந்து அமைத்த புது வீடு பெரிதாகத்தான் இருந்தது. மரகதம் காலை நீட்டினாள். எதிலும் இடிக்கவில்லை. இன்னும் நீட்டினாள். யாரும் "யாரது?" என்று கேட்கவில்லை. மனசு குளிர்ந்துபோயிற்று.

பொழுது சாயத் தொடங்கியது. மரகதம் அறுகம்புல் துவையல் அரைத்தாள். கை தன்பாட்டுக்கு ஒரு பங்கை எடுத்துக் கொட்டாங்குச்சியில் வைத்தது. அதை ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். இடது பக்கம் பார்த்தாள், புதர். வலது பக்கம் பார்த்தாள், பாறை. கொடுப்பதற்கு ஒரு வீடு இல்லை.

அப்போதுதான் கையில் இருந்ததைக் கவனித்தாள். வழவழ விளிம்பு. பவுனம்மாவின் கொட்டாங்குச்சி! முந்தின நாள் வள்ளிக்கிழங்கு வந்த பாத்திரம். அவசரத்தில் அதையும் மூட்டை கட்டிவிட்டாள்.

"ஐயோ, அக்கா என்ன நினைப்பாங்க!" என்றாள்.

"நினைக்கட்டும்மா," என்றார் நரியார். பாறைக்குப் பின்னாலிருந்து வந்து வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நான் தரகு வாங்க வந்திருக்கேன். சின்னவனை முதல்ல அனுப்புங்க."

மரகதம் உள்ளே பாய்ந்து குட்டிகளைப் பின்சுவரோடு ஒடுக்கி மறைத்துக்கொண்டாள். தொண்டை கிழியக் கத்தினாள்.

"கத்துங்க, கத்துங்க," என்று சிரித்தார் நரியார். "நான்தான் முன்னாடியே சொன்னேனே! எனக்கு அவசரமே இல்லை. நீங்க கத்தி ஓய்ஞ்சதும் உள்ள வர்றேன்."

வேறு வாசல் இல்லை. குட்டிகள் அம்மாவின் முதுகோடு ஒட்டிக்கொண்டன. இந்த அகலமான வாசலுக்கு ஆசைப்பட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து நரி வாயில் வைத்துவிட்டோமே என்று மரகதம் தன்னையே நொந்துகொண்டாள்.

அங்கே நாவல் மரத்தடியில் பவுனம்மா சாமியாடிக்கொண்டிருந்தாள். "சொல்லாமக் கொள்ளாமப் போனா போகட்டும்! என் கொட்டாங்குச்சியை எடுத்துக்கிட்டு எப்படிப் போவா?"

விடுவாளா! மூட்டை இழுபட்ட தடத்தைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். பின்னாலேயே அவளுடைய ஏழு பிள்ளைகள். அன்றைய சுண்டல் அந்தக் கொட்டாங்குச்சியில்தான் தனக்கு வர வேண்டும் என்பதால் சிங்காரவேலுவும் தத்தித் தத்தி வந்தார். மேட்டைத் தாண்டியதும் வாசலில் நரியைப் பார்த்து எல்லோரும் நின்றுவிட்டார்கள். பவுனம்மா மட்டும் நிற்கவில்லை.

"வழியை விடுங்க! உள்ள என் பாத்திரம் இருக்கு."

நரியார் பல்லைக் காட்டினார். பவுனம்மாவும் காட்டினாள். இந்தப் பல்லோடு வம்பு எதற்கு, உள்ளேதான் பிஞ்சுக் கறி இருக்கிறதே என்று நரியார் நல்லபிள்ளை ஆனார். "அவங்க இப்ப தூங்கறாங்கம்மா. நாளைக்கு வாங்க."

உள்ளேயிருந்து மரகதத்தின் குரல் கேட்டது. "அக்கா! கொட்டாங்குச்சியில துவையல் வச்சிருக்கேன்! ஆனா வாசலுக்கு வந்து குடுக்க முடியல அக்கா!"

பவுனம்மா காதை நிமிர்த்தினாள். துவையலை வைத்துக்கொண்டு கொடுக்க முடியவில்லை என்று அவர்கள் குடித்தனத்தில் இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை. விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது. பிள்ளைகளைப் பார்த்து வாலால் மேட்டின் பின்பக்கத்தைக் காட்டினாள். ஏழு பேரும் நழுவினார்கள்.

"அண்ணே, கொஞ்சம் பாடுங்களேன்!" என்றாள் சிங்காரவேலுவிடம்.

வாழ்நாளில் முதல் தடவையாக ஒருத்தர் கேட்டு அவர் பாடப்போகிறார்! கன்னத்தை உப்பிக்கொண்டு தொடங்கினார். மேடே அதிர்ந்தது. பின்னால் மண்ணைத் தோண்டும் சத்தம் எறும்புக்குக்கூடக் கேட்டிருக்காது.

பவுனம்மா நரியாரை விடவில்லை. "ஆமா, நீங்க எந்தப் பக்கம்? கல்யாணம் ஆயிடுச்சா? எத்தனை பிள்ளைங்க? வாயில ஏன் எச்சில் ஒழுகுது? பல்வலியா? எந்தப் பக்கத்துப் பல்லு?"

"அம்மா தாயே, ஒவ்வொண்ணா கேளுங்க!" என்று நரியார் திணறினார்.

அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் பின்சுவரில் ஓட்டை விழுந்தது. மரகதம் குட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளினாள். கடைசியில் தானும் புகுந்து வெளியேறினாள். கொட்டாங்குச்சியை மட்டும் விடவில்லை.

மேட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பிள்ளை வாலை ஆட்டிக் காட்டினான். பாட்டு நின்றது. "சரிங்க, நாங்க வர்றோம்," என்றாள் பவுனம்மா. நரியார் பெருமூச்சு விட்டு, உதட்டை நக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். அங்கே காற்று இருந்தது. நாலு பக்கமும் காற்று!

எல்லோரும் மரத்தடிக்குத் திரும்பியபோது பாதி வழியில் ஆமையை எட்டிவிட்டார்கள். பலகை இன்னும் கையில் இருந்தது. "காலையில கிளம்பினேன். அதுக்குள்ள என்ன அவசரம்? வளை காலியாத்தான் இருக்கு," என்றார். மரகதம் அந்தப் பலகையை வாங்கித் தன் வளை வாசலில் மிதியடியாகப் போட்டுக்கொண்டாள்.

கொட்டாங்குச்சியைப் பவுனம்மாவிடம் நீட்டினாள். ஓடிவந்ததில் துவையல் பாதி சிந்தியிருந்தது. பவுனம்மா ஒரு வாய் எடுத்துப் பார்த்தாள்.

"உப்பு கம்மி," என்றாள். மரகதத்துக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

குட்டிகளை அணைத்துப் படுத்தபோது மரகதம் காலை நீட்டினாள். சுவரில் இடித்தது.

"யாரது?"

"நான்தான் அக்கா!"

"தெரியும், தெரியும். தூங்கு."

எத்தனை பெரிய வீடு என்பதைவிட, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர எத்தனை பேர் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்தே குடிபோக வேண்டும்.