நண்டு நடந்து காட்டிய எண்

இந்தக் கதையை நான் நேரடியாகக் கேட்கவில்லை. கல்லூரி விடுதியில் என்னோடு தங்கியிருந்த கீழக்கரைத் தோழி, தன் மாமா சொன்னதாகச் சொன்னது. அவளுக்கே பாதி மறந்திருந்தது.

அந்தக் காலத்தில் கடல் பேசும். நண்டுகள் நம்மைப் போல நேராகத்தான் நடக்கும். நீர் வற்றியதும் ஒவ்வொரு நண்டும் மணலைச் சலித்துத் தின்று, சரியாக ஒன்பது உருண்டை உருட்டிப் போட வேண்டும் என்பது கடல் வைத்த விதி. நீர் ஏறும் முன், நண்டுகள் எத்தனை, உருண்டைகள் எத்தனை என்று கரையில் குழி பறித்துக் காட்டவும் வேண்டும். முந்தின தரம் உத்தேசமாக ஏதோ காட்டிவிட்டன. கடல் பாதிக் கரையைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது. இன்னொரு தப்பு நடந்தால் மீதியும் போகும்.

இம்முறை வேலை வெள்ளைச்சியிடம் வந்தது. அந்தக் கூட்டத்தில் எண்ணத் தெரிந்த முதல் நண்டு அவள்தான். வளை வளையாகப் போய், பயத்தில் மூன்று தரம் எண்ணினாள். 10989. ஒரு குழி, வெறும் மணல், ஒன்பது குழி, எட்டு, ஒன்பது என்று வரிசையாகப் பறித்தாள். பிறகு ஒன்பதால் பெருக்கினாள். 98901 வந்தது. கொடுக்கு அப்படியே நின்றுவிட்டது.

கூட்டத்தில் மூத்த நண்டான பெருங்கொடுக்கன் எட்டிப் பார்த்தார். "நல்லா இருக்கு புள்ள உன் கணக்கு. அதே எண்ணைத் திருப்பிப் போட்டுட்டு, பெருக்கினேன்னு சொல்ற."

"மறுபடியும் பெருக்கிட்டேன் பெரியப்பா. அதுதான் வருது."

கடல் நம்புகிற மாதிரி வேறொன்றைப் போடு என்றார் அவர். மற்றவையும் அதையே சொல்லி நச்சரித்தன. வெள்ளைச்சிக்கும் ஒரு கணம் கொடுக்கு துறுதுறுத்தது. ஆனால் வராத எண்ணை எப்படிப் போடுவது? அதற்குள் முதல் அலை வந்துவிட்டது. உருண்டைக் கணக்குக்கு இரண்டாவது வரி பறிக்க நேரமில்லை.

கடலுக்கு முதுகு காட்டுவது அங்கே பெரிய மரியாதைக் கேடு. அதனால் அவள் கடலைப் பார்த்தபடியே, குழிகளின் ஓரமாக இடமிருந்து வலமாக நகர்ந்தாள். "நாங்க இத்தனை பேர், ஆத்தா." திரும்பாமலே வலமிருந்து இடமாக வந்தாள். "உருண்டை இத்தனை."

கடல் மெல்லிய அலை ஒன்றை அனுப்பி, ஒவ்வோர் உருண்டையாகத் தொட்டு எண்ணியது. வெகுநேரம் ஆயிற்று. கரையில் ஒரு கால்கூட அசையவில்லை.

"சரியாத்தான் இருக்கு," என்றது கடல். "இது எப்படி? இன்னொரு தரம் நடந்து காட்டு."

அவள் நடந்தாள். கடலுக்கு ஆச்சரியம் தீரவில்லை. எல்லோரையும் நடக்கச் சொன்னது. பெருங்கொடுக்கன் முனகிக்கொண்டே நடந்தார். 10989 நண்டுகளும் போய் வந்து முடிப்பதற்குள், அவற்றின் கால்களுக்கு நேர்நடை மறந்துபோயிற்று. நண்டு பக்கவாட்டில் நடப்பது அன்றைக்குத் தொடங்கியதுதான்.

நண்டைப் பற்றி நான் உறுதி சொல்ல முடியாது. எண்ணை மட்டும் சரிபார்த்தேன். 11111-ஐத் தாண்டினால் ஒன்பது மடங்கு ஆறு இலக்கமாகிவிடும் என்பதால், 10000-லிருந்து அதுவரை தேடினால் போதும். ஒன்பதால் பெருக்கியதும் அப்படியே திரும்பி நிற்கும் ஐந்து இலக்க எண், 10989 ஒன்றே ஒன்றுதான்.