பதில் சொன்ன கவுதாரி

அம்பலவாண அடிகள் தம் சீடர் நாச்சிமுத்துவைவிட இருபது வயது இளையவர். ஞானத்துக்கு வயது வரம்பு வைத்த நூல் எதுவும் என் கண்ணில் படவில்லை.

நாச்சிமுத்துவுக்கு ஒரு சந்தேகம். தோட்டத்துக் கிளுவைமுள் உயிர்வேலியைப் பிடுங்கிக் கம்பி வேலி போட நினைத்தார். ஜேசிபிக்குச் சொல்லியாகிவிட்டது. ஊரில் மிஞ்சிய கடைசிக் கிளுவை வேலி அதுதான். கவுதாரி முட்டையிடும் இடத்தை அழித்தால் பாவம் சேருமா?

"கவுதாரி இருக்கிறதா?" என்று கேட்டார் அடிகள்.

நாச்சிமுத்து விளக்கினார். பழக்கிய கவுதாரிச் சேவலைக் கூண்டில் வைத்து, சுற்றிலும் கண்ணி விரிப்பார்கள். அது கூவினால் காட்டுக் கவுதாரி சண்டைக்கு வந்து மாட்டிக்கொள்ளும். அப்பா காலத்தில் விடிவதற்குள் பை நிறையும். தம் இளமையில் ஒன்றிரண்டு. இப்போது பல வருஷமாக ஒன்றுமில்லை.

"அப்படியானால் இல்லை."

"இருக்குதுங்க சாமி. நம்முது கூப்பிட்டா ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து தினமும் பதில் வருது. கிட்ட மட்டும் வராது. அதுகளுக்குப் புத்தி வந்துருச்சுங்க."

புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது தர்க்க நூலார் வழக்கம். நாச்சிமுத்து கூவலைக் கேட்டுக் கவுதாரியை ஊகித்தார். முறைப்படி அதில் குற்றம் காண முடியாது.

அடிகளுக்கு ஆவல் பிறந்தது. "புத்தி வந்த கவுதாரியை நான் பார்த்ததில்லை. வாங்க, போய்ப் பார்க்கலாம்."

மறுநாள் காலை கூண்டை வேலியோரம் வைத்தார்கள். சேவல் கூவியது. ஓடைக்கு அப்பாலிருந்து பதில் வந்தது. கூண்டை அங்கேயே விட்டுவிட்டு, சத்தத்தைப் பிடித்துக்கொண்டு இருவரும் ஓடையைத் தாண்டினார்கள். ஆள் நெருங்கியும் பறவை பறக்கவில்லை. அதன் துணிச்சலை நாச்சிமுத்து மெல்லிய குரலில் மெச்சிக்கொண்டே வந்தார்.

புதருக்குப் பின்னால் பக்கத்து ஊர் சென்னியப்பன் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு கூண்டு. உள்ளே ஒரு பெட்டைக் கவுதாரி. சுற்றிலும் கண்ணி.

"சத்தம் போடாதீங்க மாப்ள," என்றார் சென்னியப்பன். "உங்க வேலியில ஒண்ணு இருக்குது. நாலஞ்சு வருஷமா இதுகூடப் பேசுது. கிட்ட வரத்தான் மாட்டேங்குது. பலே கள்ளன்."

நாச்சிமுத்து குனிந்து பெட்டையைப் பார்த்தார். ஊகம் பொய்யில்லை. கவுதாரி இருக்கத்தான் செய்தது.

திரும்பும் வழியில் அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

"அப்படின்னா வேலியை எடுத்தாப் பாவமில்லீங்களே, சாமி? அதுலதான் ஒண்ணுமே இல்லையே."

"இல்லைதான்," என்றார் அடிகள். "கூண்டில் இருக்கிற இரண்டுக்கும் அங்கே தாராளமாக இடமிருக்கிறது."